வாசகர் கேள்வி: மணற்கோட்டை ஏன் உதிர்கிறது?

கேள்வி: சித்திரை விடுமுறையில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பாசிக்குடாவுக்கு அழைத்துச் சென்று, ஒரு நாள் மணற்கோட்டை விழா நடத்த எண்ணியுள்ளோம். சென்றமுறை கட்டிய கோட்டைகள் நண்பகலுக்குள் உதிர்ந்து, பிள்ளைகள் அழுதார்கள். காரணம் என்ன?
– வாசகி, பதுளை

பதில்: அன்புச் சகோதரி, நல்ல காலத்தைத்தான் தேர்ந்துள்ளீர்கள், அம்மாதத்தில் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். நம் மலைமண்ணில் களி கலந்திருப்பதால் அது காய்ந்த பின்னும் கட்டியாக நிற்கும். கடல்மணலில் அந்தப் பசை இல்லை. மணிகளுக்கிடையே பாலம்போல் நிற்கும் நீர்த்துளிகளின் பரப்பு இழுவிசையே அவற்றைப் பிணைக்கிறது. வெயிலில் நீர் வற்றினால் பாலம் அறும், நீர் மிகுந்து இடைவெளியெல்லாம் நிரம்பினாலும் அறும். ஆகவே ஒரு பிடி மணலை இறுக்கிப் பாருங்கள்: விரல்களைத் திறந்ததும், ரேகைகள் பதிந்த உருண்டையாக அது நின்றால் பதம் சரி, நீர் சொட்டினால் கூடுதல். அடியகற்றப்பட்ட வாளியை அச்சாக வைத்து, ஒவ்வோர் அடுக்காக மணலை இட்டு அழுத்தமாக இடித்து, அடிப்பாகத்தை அகலமாக்கி, உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்குங்கள். அவ்வப்போது நீர் தெளியுங்கள். இந்தியாவின் ஒடிசாவிலுள்ள பூரிக் கடற்கரையில் மணற்சிற்பம் செய்து, 2014இல் பத்மஸ்ரீ பெற்ற சுதர்சன் பட்நாயக்கின் படங்களையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். விடியற்காலையிலேயே தொடங்கிவிடுங்கள், குளிரில் வளர்ந்த பிள்ளைகளை அந்த வெயில் விரைவில் வாட்டிவிடும்.