தலைக்கு மேல் ஒரு செலவு

வாங்கும் முன் ஒரு வார்த்தை: கேள்வி-பதில்

போன மாதம் கூடலூர் வாசகர் ஒருவர், இஸ்தான்புல் போய் முடி நட்டுக்கொண்டு வரலாமா என்று ஒரு வரி கேட்டார். நானும் ஒரு வரியில் பதில் எழுதினேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது. மலை முழுக்க இத்தனை பேர் குல்லாவுக்குள் இதே கவலையோடு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? இந்த வாரம் கெய்சர், மிக்ஸி கடிதங்கள் காத்திருக்கட்டும்.

கோவை ஏஜென்ட் மூலமாக இஸ்தான்புல்லில் ஹேர் டிரான்ஸ்பிளான்ட். 5,000 கிராஃப்ட், நாலு நட்சத்திர ஹோட்டலில் மூன்று இரவு, ஏர்போர்ட் கார், எல்லாம் சேர்த்து 1.90 லட்சம். டிக்கெட் தனி. எனக்கு 27 வயது. அட்வான்ஸ் கட்டலாமா?
*வாசகர், கோத்தகிரி*

தம்பி, ஹோட்டலுக்கு எத்தனை நட்சத்திரம் என்று எழுதியிருக்கிறீர்கள். தலையில் கைவைக்கப் போகிற டாக்டர் பெயர் கடிதத்தில் எங்கேயும் இல்லை. ஏஜென்ட்டிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பின்மண்டையிலிருந்து முடியை வேரோடு எடுப்பது யார்? முன்னால் துளை போடுவது யார்? நடுவது யார்? மலிவான இடங்களில் டாக்டர் வந்து நெற்றியில் பேனாவால் கோடு போட்டுவிட்டுப் போய்விடுவார். மீதி ஆறேழு மணி நேரமும் டெக்னீஷியன்கள் ராஜ்ஜியம். அங்கே நல்ல டாக்டர்களும் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. வெளிநாட்டு நோயாளிகளைச் சேர்க்கும் மருத்துவமனைகளுக்குத் துருக்கி சுகாதார அமைச்சகம் தனி அனுமதிச் சான்று தருகிறது. அதன் நகலைக் கேளுங்கள். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி ரத்தப் பரிசோதனை எதுவும் எடுக்காமல் நாற்காலியில் உட்காரச் சொன்னால், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

அடுத்தது அந்த 5,000. கிராஃப்ட் என்பது வேரோடு எடுத்து நடுகிற சின்ன முடிக்கொத்து. கோத்தகிரிக்காரருக்குத் தேயிலைக் கணக்கில் சொன்னால் புரியும். இது நர்சரியில் நாற்று வாங்கி நடுகிற வேலை இல்லை. கீழ்க்காட்டுச் செடியைப் பிடுங்கி மேல்காட்டில் நடுகிற வேலை. பிடுங்கிய குழியில் மறுபடி ஒன்றும் முளைக்காது. பின்மண்டையிலிருந்து வாழ்நாள் முழுவதற்கும் பாதுகாப்பாக எடுக்கக்கூடியது பலருக்கு 4,000 முதல் 6,000 கிராஃப்ட் வரைதான். 27 வயதிலேயே 5,000 எடுத்துவிட்டால், 40 வயதில் மேல்காடு இன்னும் கொஞ்சம் காலியாகும்போது எதை எடுத்து நடுவீர்கள்?

பின்மண்டை முடி முன்னால் வந்தும் ஏன் நிற்கிறது என்பதை 1950களில் நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் காட்டினார்: முடி எங்கே போனாலும் பிறந்த இடத்துக் குணத்தை விடுவதில்லை. இந்தத் தொழிலே அதை நம்பித்தான் நடக்கிறது. ஆனால் அந்தக் குணம் நட்ட முடிக்கு மட்டும். பக்கத்தில் இருக்கும் பழைய முடி அதன் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்து நிறுத்தத்தான் பினாஸ்டிரைடு மாத்திரை, மினாக்சிடில் மருந்து. அதைப் பற்றி ஏஜென்ட் வாயே திறக்கமாட்டார், அவர் விற்கிற சரக்கு அது இல்லை. முதலில் ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தால் ஒரு வருஷம் சாப்பிட்டுப் பாருங்கள். இஸ்தான்புல் எங்கேயும் ஓடிப்போகாது.

நட்டு 24 நாள் ஆகிறது. குளிக்கும்போது நட்ட முடி கொத்தாக உதிர்கிறது. ஏமாந்துவிட்டேனா?
*பெயர் வேண்டாம், குன்னூர்*

இல்லை. நிம்மதியாகத் தூங்குங்கள். நட்ட முடியின் தண்டு இரண்டாவது வாரத்திலிருந்து உதிர ஆரம்பிக்கும், வேர் உள்ளேதான் இருக்கும். மூன்று, நாலு மாதத்தில் மெல்லிசாக முளைக்கும். முழுசாகத் தெரிய ஒரு வருஷம் ஆகும். கவாத்து வெட்டிய தேயிலைக் காட்டைப் பார்த்து யாராவது அழுவார்களா? சீழ், காய்ச்சல், தாங்க முடியாத வலி இருந்தால் மட்டும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். இதை உங்களுக்கு முன்கூட்டியே சொல்லாமல் அனுப்பியவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

நீலகிரித் தைலம் தடவினால் நட்ட முடி சீக்கிரம் வளருமா?
*ஊட்டி*

வளராது. எரியும்.

ஆபீஸில் யாருக்கும் தெரியக்கூடாது. இஸ்தான்புல்லிலிருந்து நேராக ஊட்டி வந்து ஒரு காட்டேஜில் இரண்டு வாரம் தங்கித் தேறிக்கொள்ள நினைக்கிறேன். குளிர் நல்லதுதானே?
*சென்னை*

குளிரில் வேர்க்காது, அந்த மட்டும் நல்லது. மற்றதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் என்று புற ஊதாக் கதிர் ஏறிக்கொண்டே போகும். குளிர்கிறதே என்று வெயிலில் உட்கார்ந்து காய்வது இங்கே எல்லோருக்கும் பழக்கம். புதுத் தோலுக்கு அது ஆகாது. இரண்டாம் நாளிலிருந்து நெற்றி வீங்கி, கண் வரைக்கும் இறங்கும். நாலைந்து நாளில் வற்றிவிடும், ஆனால் அந்த முகத்தோடு மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் பாருங்கள். வாந்தி வந்து குனிந்தால் தலைக்கு நல்லதில்லை. பின்மண்டைப் புண் கார் சீட்டில் உரசாமல் இருக்கக் கழுத்துத் தலையணை வேண்டும். முதல் சில இரவுகள் பாதி உட்கார்ந்த மாதிரிதான் தூங்கவேண்டும். காட்டேஜில் தலையணை எத்தனை தருவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2024 மே முதல் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேறு.

அப்புறம், சீசனில் வந்தால் உங்கள் ஆபீஸில் பாதிப் பேரை தாவரவியல் பூங்காவிலேயே பார்க்கலாம்.

மார்கழியில் நட்டேன். ஒன்பது நாள் ஆகிறது. எங்கள் படுகர் மக்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்குத் தலைப்பாகை கட்டாமல் போக முடியாது. காலையில் உறைபனி வேறு. குல்லாவாவது போடலாமா?
*கோத்தகிரி வட்டாரம்*

பண்டிகையை வைத்துக்கொண்டு மார்கழியில் நாள் குறித்தது உங்கள் தப்பு, ஐயா. நட்டது தோலில் பிடிக்கப் பத்து நாள் ஆகும். பொருக்கு எல்லாம் உதிர்ந்து தலை சுத்தமாக இரண்டு வாரம். அதுவரை இழுத்துக் கட்டுவதும் உரசுவதும் கூடாது. கம்பளிக் குல்லாவில் குளிரைவிட அதை இழுத்து மாட்டும்போதும் கழற்றும்போதும்தான் ஆபத்து, பொருக்கோடு நட்டதும் கூடவே வந்துவிடும். தலையில் படாமல் தளர்வாக விழுகிற ஹூட் வைத்த ஜெர்க்கின் போதும். தலைப்பாகை கட்டுவதைப் பற்றி நட்ட டாக்டரிடம் இன்றைக்கே போட்டோ அனுப்பிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் ஊர்ப் பெரியவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். எப்படியும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பைக் ஹெல்மெட்?
*குன்னூர்*

டாக்டர் சரி என்கிறவரை பஸ்ஸில் போங்கள். ஹெல்மெட் இல்லாமல் பைக்கில் போகலாமா என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள்.

‘வாழ்நாள் கேரண்டி’ அட்டை தருகிறார்கள். அது இருந்தால் பயமில்லைதானே?
*அருவங்காடு*

இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். என் வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அதில் பதினான்கு கேரண்டி அட்டைகள். ஸ்டெபிலைசர், குக்கர், இரண்டு குடை, ஒரு சோலார் வாட்டர் ஹீட்டர். வருஷம் 300 நாள் வெயில் அடிக்கும் என்று சொல்லி அந்த ஹீட்டரை என் தலையில் கட்டினார்கள். நானும் ஆனியிலும் ஆடியிலும் பக்கத்து வீட்டுக் கூரையே தெரியாத மூடுபனிச் சரிவில் வீட்டை வைத்துக்கொண்டு அதை வாங்கினேன். வெந்நீர் வரவில்லை என்று அட்டையை எடுத்துக்கொண்டு போனேன். ‘கேரண்டி தொட்டிக்கு சார், வெயிலுக்கு இல்லை’ என்றார் கடைக்காரர். நியாயமான பதில். அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

இப்போது உங்கள் அட்டைக்கு வருவோம். எதற்கு கேரண்டி? நட்டதில் எத்தனை முளைக்கும் என்பதற்கா? யார் எண்ணுவார்கள்? முளைக்காமல் போனால் பணம் திரும்ப வருமா, மறுபடி நடுவார்களா? மறுபடி நட பின்மண்டையில் முடி மிச்சம் இருக்குமா? இருந்தாலும் இஸ்தான்புல்லுக்கு இன்னொரு டிக்கெட், இன்னொரு விசா, இன்னொரு பத்து நாள் லீவு, எல்லாம் உங்கள் காசு. வாழ்நாள் என்றால் யாருடைய வாழ்நாள், உங்களுடையதா, அந்தக் கம்பெனியுடையதா? தடித்த எழுத்தில் கேரண்டி என்று போட்டு, அடியில் எறும்பு சைஸில் ‘சொன்ன மருந்தைத் தொடர்ந்து எடுத்திருந்தால் மட்டும்’ என்று இருக்கும். ஒரு நாள் மாத்திரையை மறந்தால் அட்டையைக் கிழித்துப் போடலாம். முடி முளைப்பது உங்கள் உடம்பு செய்கிற வேலை, அதற்கு மூன்றாம் மனிதர் எழுதிக் கொடுக்க ஒன்றுமில்லை. டாக்டர் பெயர், எடுக்கப்போகும் கிராஃப்ட் எண்ணிக்கை, கோளாறு வந்தால் எந்த நம்பரில் எந்த டாக்டர் பேசுவார், இந்த மூன்றையும் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். கேரண்டி அட்டையை எனக்கு அனுப்புங்கள், டின்னில் இடமிருக்கிறது.

வெளிநாடு எதற்கு? சமவெளியில் ஒரு பியூட்டி பார்லரில் 45,000 ரூபாய்க்கே செய்கிறார்களாம்.
*கூடலூர்*

செய்வார்கள். சென்னையில் 2016இல் முடி நடும் சிகிச்சைக்குப் பிறகு இறந்துபோனவர் ஒரு மருத்துவ மாணவர். மரத்துப்போக ஊசி போடுகிற எதுவும் அழகு வேலை இல்லை. தகுதியுள்ள மருத்துவர்தான் இதைச் செய்யவேண்டும், யூடியூப் பார்த்தோ பட்டறையில் உட்கார்ந்தோ கற்றால் போதாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் சொல்லியிருக்கிறது. முடி வெட்டப் போகிற இடத்தில் முடி மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள்.

என் பையன் வெளிநாடு போய் வந்தான். இங்கே ஏஜென்ட் காட்டியது ஒரு மருத்துவமனை, அங்கே அழைத்துப் போனது வேறு. டாக்டரைப் பார்க்கவே இல்லையாம். இப்போது பின்மண்டை பூச்சி அரித்த கம்பளி மாதிரி இருக்கிறது. எட்டு மாதமாகிறது. வீட்டை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறான். ஏஜென்ட் போன் எடுப்பதில்லை.
*ஒரு தாய், குந்தா வட்டம்*

அம்மா, முதலில் பையனிடம் சொல்லுங்கள், இதில் வெட்கப்பட வேண்டியவன் அவன் இல்லை.

வழி இருக்கிறது. அந்த ஊர் மருத்துவமனையைத் துரத்துவது கஷ்டம். ஆனால் பணம் வாங்கிய ஏஜென்ட் இங்கே இருக்கிறார். ஒன்றைக் காட்டி வேறொன்றைக் கொடுத்தது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடவடிக்கை. ஏஜென்ட் கோவையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அதாவது ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில். இணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும், எட்டு மாதம் போய்விட்டது.

இன்றைக்கே செய்யவேண்டியது: வாட்ஸாப் பேச்சு, பணம் அனுப்பிய விவரம், ஏஜென்ட் அனுப்பிய விளம்பரப் படம், பையனின் முன்-பின் போட்டோக்கள், பாஸ்போர்ட் முத்திரை, எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வையுங்கள். ஒரு தோல் மருத்துவரிடம் காட்டி, தலை எப்படி இருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். ஏஜென்ட்டுக்கு ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். சரி செய்கிறேன் என்று இன்னொரு இடத்தில் உடனே தலையைக் கொடுக்கவேண்டாம். ஒரு வருஷமாவது முடியட்டும், பிறகு தாடி முடியை எடுத்து நிரப்பலாமா, புள்ளி புள்ளியாகப் பச்சை குத்தி மறைக்கலாமா என்று நல்ல டாக்டர் ஒருவர் சொல்லட்டும். நோட்டீஸ் எழுதத் தெரியவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், எழுதித் தருகிறேன்.

முழுத் தொகையும் யூபிஐயில் அனுப்பிவிட்டேன். பில் வாங்கவில்லை. டாக்டர் பெயர் கேட்கவில்லை. இன்ஸ்டாகிராமில் படம் நன்றாக இருந்தது. இப்போது பயமாக இருக்கிறது.
*குன்னூர்*

உருளைக்கிழங்கு வாங்கும்போது ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிற ஊர் இது. பயத்தை அனுப்புவதற்கு முன்னால் பட்டிருக்கலாம். நாளைக்கே பில்லும் டாக்டர் பெயரும் எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், அதையும் எழுத்தில். பிறகு மேலே அந்தத் தாய்க்குச் சொன்னதைப் படியுங்கள்.

இங்கேயே செய்துகொண்டேன். பில்லில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டிருக்கிறார்கள். மருத்துவத்துக்கு வரி இல்லையே?
*வெலிங்டன்*

நோய்க்கு இல்லை. அழகுக்கு உண்டு. விபத்திலோ தீக்காயத்திலோ போன முடி என்றால் கணக்கு வேறு.

இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் தலையில் முடி இருக்கிறதா?
*ஊட்டி*

காதுக்கு மேலே கொஞ்சம். எட்டு வருஷத்துக்கு முன்னால் அக்கா மகன் கல்யாணத்துக்காக வழுக்கையில் தூவுகிற கறுப்புப் பவுடர் ஒன்றை 1,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். தூவினால் முடி மாதிரியே இருக்கும், நிஜமாகவே இருந்தது. குன்னூரில் மண்டப வாசலில் நின்று சம்பந்தி வீட்டாரை வரவேற்கும்போது சாரல் பிடித்தது. ஐந்து நிமிஷத்தில் நெற்றியிலிருந்து கறுப்பாக இறங்கி, காதோரமாக வழிந்து, வெள்ளைச் சட்டைக் காலர் வரைக்கும் வந்துவிட்டது. கல்யாண ஆல்பத்தில் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறேன். டப்பாவில் பாதி இன்னும் மிச்சம் இருக்கிறது. வேண்டுமானால் அனுப்புகிறேன், தபால் செலவு உங்களுடையது.