“ஆயுட்கால உரிமம்” என்று விற்கப்படும் மென்பொருள்: கொழும்பு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (கணக்காளர், வெள்ளவத்தை): “ஒருமுறை பணம், ஆயுள் முழுதும் பாவனை” என்ற விளம்பரத்தை நம்பி, பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் சென்ற வருடம் கணக்கியல் மென்பொருள் வாங்கினேன். இப்போது வருடச் சந்தா கட்டினால்தான் அது திறக்கிறது. எனக்கு ஏதேனும் உரிமை உண்டா?

பதில்: உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பாவனையாளரைத் தவறாக வழிநடத்துகின்ற அல்லது வழிநடத்தக்கூடிய எந்த நடத்தையிலும் வர்த்தகர் ஈடுபடலாகாது என்கிறது. பொய்யாக எடுத்துரைத்து விற்பதை 31ஆம் பிரிவு தடுக்கிறது. ஆகவே “ஏமாற்றும் எண்ணம் எங்களுக்கு இருக்கவில்லை” என்று கடைக்காரர் சொல்வது மட்டும் போதாது.

உங்களுக்குத் தடையாக நிற்பது காலக்கெடுதான். 13ஆம் பிரிவின்படி, விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். ஆயுட்கால வாக்குறுதியோ பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் முறிகிறது. குறை தெரியவந்த நாளிலிருந்து காலத்தைக் கணக்கிடும்படி இந்தப் பிரிவு திருத்தப்பட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. இன்றைய நிலையில் உங்களுக்கு எஞ்சியிருப்பது ஒப்பந்த மீறலுக்கான குடியியல் வழக்கு. எழுத்திலான ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டுகளும் வாய்மொழி ஒப்பந்தத்துக்கு மூன்று ஆண்டுகளும் அவகாசம் உண்டு. முதலில் சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். விளம்பரத்தையும், விற்பனையாளர் “லைஃப்டைம்” என்று எழுதிக்கொடுத்த பற்றுச்சீட்டையும் இன்றே பிரதி எடுத்து வையுங்கள். வெப்பத் தாளில் அச்சிட்ட பற்றுச்சீட்டின் எழுத்து சில மாதங்களிலேயே மங்கிவிடும்.

கேள்வி (மாணவி, தெஹிவளை): மிகக் குறைந்த விலைக்கு விண்டோஸ் “லைஃப்டைம் கீ” (மென்பொருளைச் செயற்படுத்தும் உரிமக் குறியீடு) தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அப்படி விற்கப்படுபவற்றில் பல, நிறுவனங்களுக்கென்று மொத்தமாக வழங்கப்பட்ட உரிமங்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டவை. வேறு சில, கணினியோடு சேர்த்து விற்கப்பட்டு அந்த ஒரு கணினிக்கே உரியவை. முதல் நாள் இயங்குவதால் மட்டும் உரிமம் செல்லுபடியாகிவிடாது. மைக்ரோசாஃப்ட் அந்தக் கீயைப் பின்னர் முடக்கலாம். முறையான உரிமம் இருந்தாலும் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் ஆயுள் முழுதும் வருவதில்லை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது.

கேள்வி (வியாபாரி, புறக்கோட்டை): பற்றுச்சீட்டு தரக் கடைக்காரர் மறுக்கிறார்.

பதில்: கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும், அது மேலே சொன்ன பாவனையாளர் சட்டத்தின் 28ஆம் பிரிவு. மறுத்தால் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து அறிவியுங்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): விற்றவர் வெளிநாட்டு இணையத்தளம் என்றால் என்ன செய்வது?

பதில்: நம் அதிகாரசபையின் கை அங்கே எட்டுவது கடினம். கடனட்டையால் செலுத்தியிருந்தால், அட்டை வழங்கிய வங்கியிடம் தாமதிக்காமல் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்து, பணத்தை மீளப் பெற்றுத்தரும்படி கேளுங்கள்; அதற்கும் காலக்கெடு உண்டு. விளம்பரம் இருந்த பக்கத்தைத் திகதி தெரியும்படி படமெடுத்து இணையுங்கள். பிரச்சினை எழுந்ததும் தளத்திலுள்ள வாசகங்களை மாற்றிவிடும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள்.