இணையம் போனாலும் ஆட்டம் நிற்கக்கூடாது

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரே வைஃபையில் இரண்டு மடிக்கணினிகளும் ஒரு பழைய மேசைக் கணினியும் இருக்கின்றன. ‘மல்டிபிளேயர்’ என்ற சொல்லை நம்பி விலை கொடுத்து வாங்கிய விளையாட்டு, இணையம் வராத ஒரு நாளில் திறக்கவே மறுத்துவிட்டது. நானும் என் பதினாறு வயது மகனும் பத்து வயது மகளும் சேர்ந்து ஆடத்தக்க விளையாட்டுகளைச் சொல்வீர்களா? (வாசகி ஒருவர்)

பதில்: எத்தனை பேர் ஆடலாம் என்று பார்த்து வாங்கிய நீங்கள், ஆட்டத்தை நடத்தும் சர்வர் என்னும் மையக் கணினி எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தவறிவிட்டீர்கள். அது நிறுவனத்திடம் இருந்தால், பக்கத்து அறையிலிருந்து உங்கள் மகன் எய்யும் அம்பும் ஊர் சுற்றி வந்துதான் உங்களைத் தைக்கும். குற்றம் உங்களுடையது மட்டுமன்று. 1998இல் ஸ்டார்கிராஃப்ட் என்ற போர் விளையாட்டு வெளிவந்தபோது, ஒரு குறுந்தகடு வாங்கியவர் வீட்டிலுள்ள மற்றக் கணினிகளிலும் லேன் எனப்படும் உள்வலையில், அதாவது இணையமின்றி வீட்டுக் கணினிகளை மட்டும் இணைத்து ஆடுவதற்கென ஒரு துணைப் பிரதியை நிறுவிக்கொள்ள பிளிஸார்ட் நிறுவனமே வழி செய்திருந்தது. அதே நிறுவனம் 2010இல் இரண்டாம் பாகத்தை வெளியிட்டபோது, திருட்டுப் பிரதிகளைக் காரணம் காட்டி, லேன் வசதியையே எடுத்துவிட்டது. திருடாமல் காசு கொடுத்து வாங்கியவருக்குத்தான் இதில் நட்டம். ஆகவே விலையைப் பார்க்குமுன், ‘லேன்’ என்றோ ‘ஐபி முகவரி’ (வலையமைப்பில் ஒரு கணினிக்குரிய எண்) ‘கொண்டு இணைதல்’ என்றோ விளக்கக் குறிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் மூவருக்கும் என் முதல் தேர்வு ஓப்பன்டிடிடி. 1990களில் வந்த டிரான்ஸ்போர்ட் டைகூன் என்ற விளையாட்டைத் தழுவி, 2004 முதல் தன்னார்வலர்கள் வளர்த்துவரும் இலவச மென்பொருள் அது. தண்டவாளம் போட்டு, பேருந்து விட்டு, நிலக்கரி ஏற்றிப் பணம் ஈட்ட வேண்டும். உங்கள் பழைய மேசைக் கணினிக்கு அது பாரமாக இராது. அதைவிட முக்கியம், ஒரே நிறுவனத்தை இருவர் சேர்ந்து நடத்தலாம் என்பது: மகளும் நீங்களும் ஒரு கம்பெனி, மகன் எதிர்க் கம்பெனி என்று பிரிந்துகொண்டால், வயது வித்தியாசம் ஆட்டத்தைக் கெடுக்காது. பத்து வயதுக் குழந்தையைப் பதினாறு வயது அண்ணனோடு நேருக்கு நேர் மோதவிட்டால் அரை மணி நேரத்தில் அழுகைதான் மிஞ்சும்.

அரை மணி நேரமே கிடைக்கிறதென்றால் சூப்பர்டக்ஸ்கார்ட் போதும். 2019இல் வந்த 1.0 பதிப்பிலிருந்து இந்தக் கார் பந்தயத்தை வலையமைப்பிலும் ஆடலாம். மகனுக்குப் போர்தான் வேண்டுமென்றால் ஜீரோ ஏ.டி. இருக்கிறது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்ற போர் விளையாட்டின் பாணியில் அமைந்த அதுவும் இலவசம். மௌரியப் படையையும் நடத்தலாம். ஆனால் எல்லாக் கணினிகளும் ஆட்டத்தின் கணக்கீட்டை ஒன்றுக்கொன்று காத்திருந்து ஒன்றாகவே செய்துசெல்லும் அமைப்பு அது என்பதால், படை பெருகப் பெருக உங்கள் பழைய கணினியின் வேகமே மூவருடைய வேகமும் ஆகிவிடும். மகள் மைன்கிராஃப்ட் கேட்டால், அதன் ஜாவா பதிப்பில் லேனுக்குத் திறந்துவிடும் வசதி உண்டு. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வாங்க வேண்டியிருக்கும், ஜாவா பதிப்பும் அதே விளையாட்டின் மற்றொரு வடிவமான பெட்ராக் பதிப்பும் ஒன்றோடொன்று சேரா.

நிறுவிய பிறகு ‘ஆட்டம் கண்ணில் படவில்லை’ என்று எனக்கு மறுபடி எழுதுமுன் சிலவற்றைச் சரிபாருங்கள். மூன்று கணினிகளிலும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். விருந்தினருக்கான வைஃபையில் எந்தக் கணினியும் இணைந்திருக்கக் கூடாது. அதில் இருப்பவை ஒன்றையொன்று காணாதபடி பெரும்பாலான ரவுட்டர்கள் தடுத்துவிடும். விண்டோஸில் உங்கள் வலையமைப்பு ‘பப்ளிக்’ என்று குறிக்கப்பட்டிருந்தால் ‘பிரைவேட்’ என்று மாற்றி, கணினியின் காப்பரணான ஃபயர்வால் கேட்கும்போது அந்த விளையாட்டுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ஃபயர்வாலையே அணைத்துவிடச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள். அப்போதும் தெரியவில்லையென்றால், ஆட்டத்தைத் தொடங்கிய கணினியில் கட்டளைச் சாளரத்தை (Command Prompt) திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ (ipconfig) கட்டளையை ஆங்கில எழுத்தில் அடித்தால், வீடுகளில் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் முகவரி ஒன்று கிடைக்கும். மற்ற இரு கணினிகளிலும் அதைக் கையால் தட்டச்சு செய்து இணையுங்கள். ரவுட்டருக்கு மின்சாரம் இருக்கும்வரை, இணைய நிறுவனம் கைவிட்டாலும் இந்த இணைப்பு அறுபடாது.