கடல்நீர்க் குழாய்க்கு உள்ளூர் பிட்டிங்ஸா, இறக்குமதியா?

வணக்கம் ஐயா. திருகோணமலை கொட்பேயில் அமைக்கும் ஐஸ் தொழிற்சாலையின் கடல்நீர்க் குளிரூட்டும் குழாய்களுக்கு உள்ளூர் பிவிசி பிட்டிங்ஸா (குழாய் இணைப்புத் துண்டுகள்), இறக்குமதியான ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று கேட்டிருந்தீர்கள்.

அழுத்தம் குறைவென்றால் எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தர) முத்திரையுள்ள உள்ளூர் பிவிசியையே தயங்காமல் போடுங்கள். ஆனால் அதில் அச்சிட்டிருக்கும் அழுத்த அளவு மிதமான வெப்பநிலைக்கே உரியது, சூடேறினால் தாங்கும் அழுத்தம் குறையும் என்பதால், திருகோணமலை வெயிலில் கிடக்கப்போகும் குழாய்க்கு ஒரு படி உயர்ந்த அழுத்த வகுப்பையே எடுக்க வேண்டும்.

ஸ்டீல் என்றால் 304 என்ற ரகம் வேண்டவே வேண்டாம். 316 ரகத்தில் அரிப்பைத் தடுக்கும் மொலிப்டினம் என்ற உலோகம் 2 முதல் 3 சதவீதம் இருந்தாலும், திருகுப் புரிகளின் இடுக்கில் தேங்கும் வெதுவெதுப்பான உப்புநீர் அதையும் அரித்துவிடும். நான் கழற்றிப் பார்த்த ஒரு முழங்கை (வளைவுப் பிட்டிங்) வெளியே வெள்ளிபோல் மின்னியது. புரிக்குள்ளோ நகம் இறங்கும் அளவுக்குக் குழிகள்.

இறக்குமதிப் பொருளில் மிகவும் கவனிக்க வேண்டியது புரியின் வகை. நம் நாட்டில் புழங்கும் பிஎஸ்பி எனும் பிரித்தானியப் புரி 55 பாகைக் கோணமுடையது, என்பிடி எனும் அமெரிக்கப் புரி 60 பாகை. அரை அங்குலத்தில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 புரிகளே என்பதால் முதல் சில சுற்றுகள் இலகுவாக ஏறும். பிறகு எத்தனை டேப் சுற்றினாலும் கசியும். கடையிலேயே உங்கள் பம்பியின் நிப்பிளை (புரியுள்ள சிறு குழாய்த் துண்டை) பொருத்திப் பார்த்த பின் பணத்தைக் கொடுங்கள்.