கட்டுமானக் கேள்வி பதில்: சங்கக் கூட்டத்துக்குப் போனால் என்ன கிடைக்கும்?

கேள்வி: வணக்கம் சார். சிவில் டிப்ளமோ முடித்து ஒரு காண்ட்ராக்டரிடம் சைட் பார்த்துவிட்டு, இப்போது தனியாக வீடு கட்டிக் கொடுக்கிறேன். எங்கள் ஊர் சிவில் இன்ஜினியர்கள் சங்கத்தில் சேரச் சொல்கிறார்கள். ஒரு மாதக் கூட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். சிமெண்ட் கம்பெனிக்காரர் ஒருவர் தன் சரக்கைப் பற்றியே பேசினார், அப்புறம் சாப்பாடு, அப்புறம் ஆளாளுக்கு விசிட்டிங் கார்டு. இதற்குப் போய்ச் சந்தா கட்ட வேண்டுமா?
(கரூர் வாசகர்)

பதில்: கட்டுங்கள் தம்பி. மண்டப வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கம்பெனி தருகிறது, அதனால் அவர்கள் பேசுகிறார்கள், அதில் கோபப்பட ஒன்றும் இல்லை. ஆனால் கூட்டம் என்பது அந்தப் பேச்சு மட்டும் இல்லை. நீங்கள் வெறுங்கையோடு போயிருக்கிறீர்கள். அடுத்த முறை உங்கள் சைட்டில் தீராத ஒரு பிரச்சினையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

எங்கள் பக்கத்துக் கூட்டம் ஒன்றில் ஒரு பையன் அப்படித்தான் வந்தான். ஷட்டரிங் பலகையைப் பிரித்ததும் தூணின் அடியில் ஒரு அடி உயரத்துக்குத் தேன்கூடு, அதாவது காங்கிரீட் நிரம்பாமல் ஓட்டை ஓட்டையாக, உள்ளே கம்பி தெரிகிறது. டீ குடிக்கும் இடத்தில் போனை நீட்டினான், நாலு பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் வைப்ரேட்டர் போட்டாயா, காங்கிரீட்டை அதிர்த்து இறுக்கினாயா என்றார், இன்னொருவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அடியில் பலகைக்கும் தளத்துக்கும் நடுவே இடைவெளி விட்டிருக்கிறீர்கள், சிமெண்ட் பால் முழுக்க அந்த வழியாக ஓடியிருக்கிறது என்றார். கடைசியாக ஒரு பெரியவர், "எந்த உயரத்திலிருந்து கொட்டினீங்க?" என்று கேட்டார். பத்து அடித் தூணை ஒரே மூச்சில் மேலிருந்தே கொட்டியிருக்கிறார்கள். காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456, காங்கிரீட்டை 1.5 மீட்டருக்கு மேல் தடையில்லாமல் விழ விடக்கூடாது என்கிறது, அதாவது ஐந்து அடிக்குச் சற்றுக் குறைவு. புத்தகத்தில் அவனும் படித்ததுதான், ஆனால் தன் தூணில் பார்த்தபிறகு இனி மறக்க மாட்டான். மேலாகப் பூசி மறைத்துவிடாதே, தளர்ந்ததைக் கொத்தி எடுத்துவிட்டு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டிவிட்டு பழுதுபார்க்கவென்றே வரும் நைசான மைக்ரோ காங்கிரீட் போடு என்று வழியும் சொன்னார்கள். இதற்கு எந்த வகுப்பில் பணம் கட்டுவீர்கள்?

விதிகள் விஷயத்திலும் அப்படித்தான். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ல் வந்தன, அதன்பிறகு திருத்தத்துக்குமேல் திருத்தம். 2024-ல், வரைபடம் விதிப்படி இருக்கிறது என்று நாமே உறுதி கொடுக்கும் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் ஆன்லைனிலேயே உடனே அனுமதி. அரசாணையைப் படித்தால் விதி புரியும், விண்ணப்பம் எந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறது என்பது போன வாரம் போட்டவருக்குத்தான் தெரியும். அவர் உங்கள் சங்கத்தில்தான் இருப்பார்.

விசிட்டிங் கார்டு வாங்கி அடுக்குவதில் பெரிய பலன் இல்லை. மண் பரிசோதனை செய்பவர் ஒருவர், நம்பி வரைபடம் காட்டக்கூடிய ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், ரெடிமிக்ஸ் பிளான்ட்டில் தரம் பார்க்கும் ஒருவர், இந்த மூன்று பேரை நன்றாகப் பழகிக்கொண்டால் போதும். காங்கிரீட்டில் ஆழமாகப் போக ஆசை இருந்தால் இந்திய காங்கிரீட் கழகம் இருக்கிறது, 1982-ல் தொடங்கியது, தலைமையகம் நம் சென்னையில்தான்.

கேள்வி: கட்டுமானக் கண்காட்சிக்குப் போனால் பை நிறைய நோட்டீஸோடு வருகிறேன், ஒன்றும் மனதில் நிற்பதில்லை. எப்படிப் பார்ப்பது?
(பொள்ளாச்சி வாசகர்)

பதில்: கோவை கொடிசியா வளாகமோ சென்னை நந்தம்பாக்கமோ, எல்லா ஸ்டாலையும் சுற்றினால் கால்தான் வலிக்கும். இந்த முறை ஏ.ஏ.சி. பிளாக் எனும் எடை குறைந்த காங்கிரீட் கல் மட்டும் என்று முடிவு செய்துகொண்டு போங்கள். வார நாளில், காலையில். ஸ்டாலில் இருப்பவரிடம் அழுத்த வலிமை, நீர் உறிஞ்சும் அளவு இரண்டுக்கும் டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்கள். தூணும் பிளாக்கும் சேரும் இடத்தில் பூச்சு வெடிக்காமல் இருக்க என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள், கம்பி வலையைப் பற்றிப் பேசாமல் மழுப்பினால் நகர்ந்துவிடலாம். அப்புறம் முக்கியமாக, நம் மாவட்டத்தில் இந்தச் சரக்கில் கட்டி மழைக்காலம் கண்ட ஒரு வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். போய்ப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: நான் சைட் இன்ஜினியர். சங்கக் கூட்டம் எப்போதும் ராத்திரி ஏழரைக்கு மேல், ஹோட்டலில். போனால் நான் ஒருத்திதான் பெண். வீட்டுக்குத் திரும்பப் பதினொன்று ஆகிறது. போகாமல் விட்டால் எதையோ இழப்பதுபோல் இருக்கிறது.
(திருச்சி வாசகி)

பதில்: இழப்பது உண்மைதான் அம்மா, அதை நீங்கள் சரிக்கட்டிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சரிசெய்ய வேண்டியது சங்கம். சிவில் படித்து வரும் பெண்கள் எத்தனை பேர், சங்க மேடையில் எத்தனை பேர் என்று செயலாளர்கள் யோசிக்க வேண்டும். இரண்டாவது சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு ஒரு பொறியியல் கல்லூரி செமினார் ஹாலில் வைத்தால் என்ன குறைந்துவிடும்? மாணவர்களும் வருவார்கள், வாடகையும் மிச்சம்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நேரத்தை மாற்றச் சொல்லி எழுத்தில் கொடுங்கள், கூடவே நானே ஒரு தலைப்பில் பேசுகிறேன் என்றும் எழுதுங்கள். காங்கிரீட் கட்டியை நசுக்கி வலிமை பார்க்கும் கியூப் டெஸ்டில் ரிசல்ட் குறைந்தபோது உங்கள் சைட்டில் என்ன செய்தீர்கள் என்பதைப் பேசினாலே போதும். பகல் நேரத்து சைட் விசிட் ஏற்பாடு செய்யச் சொல்லியும் கேளுங்கள். மண்டபத்தில் பத்துப் படம் போட்டுக் காட்டுவதைவிட, அஸ்திவாரத்துக்குப் பூமிக்குள் ஆழமாகத் தூண் இறக்கும் பைல் வேலை நடக்கும் இடத்தில் ஒரு மணி நேரம் நிற்பது மேல். சங்கம் அசையவில்லையென்றால் உங்களைப் போன்ற நாலு பேர் சேர்ந்து அந்த விசிட்டைத் தனியாகவே தொடங்கிவிடுங்கள், ஒவ்வொரு மாதமும் ஒருவர் சைட். இது எனக்கு மிகவும் பிடித்த யோசனை, நடந்தால் கட்டாயம் எழுதுங்கள்.

கேள்வி: நான் கொத்தனார். கம்பெனிக்காரங்க மேஸ்திரி மீட்டிங் வைத்து பிரியாணி போட்டு டேப்போ பையோ கொடுக்கிறாங்க. அதில் நமக்குக் கத்துக்க ஏதாவது இருக்குதா?
(விருத்தாசலம் வாசகர்)

பதில்: இருக்கிறது மேஸ்திரி, நீங்கள் கேட்டால். அங்கே வருகிற டெக்னிக்கல் ஆபீசர் பெரும்பாலும் சிவில் படித்தவர், வேனில் கலவையின் இளக்கம் பார்க்கும் ஸ்லம்ப் கோனும் கியூப் அச்சும் வைத்திருப்பார். பேச்சு முடிந்ததும் அவரைப் பிடித்து, கலவை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எம்20 நாமினல் மிக்ஸ், அதாவது சிமெண்ட், மணல், ஜல்லியைக் குறித்த விகிதத்தில் கலக்கும் காங்கிரீட் என்றால் 50 கிலோ மூட்டைக்கு 30 லிட்டர் தண்ணீருக்கு மேல் போகக்கூடாது என்று ஐ.எஸ். 456 அட்டவணையில் இருக்கிறது. எம்-சாண்ட் ஈரமாக இருந்தால் அந்த ஈரமும் இந்த 30-க்குள் சேர்த்தி. அளந்து ஊற்றி ஒன்று, நம் ஆட்கள் வழக்கமாக ஊற்றும் குடக் கணக்கில் ஒன்று என்று இரண்டு கலவையைப் பக்கத்தில் பக்கத்தில் கோனில் தூக்கிப் பார்த்தால், எது சரிந்து ஓடுகிறது என்று உங்கள் சித்தாளுக்குக்கூடப் புரிந்துவிடும். இரண்டிலும் கியூப் போட்டு 28 நாள் கழித்து நசுக்கிய ரிசல்ட்டைச் சொல்லச் சொல்லுங்கள், அவர் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்டுக்குத் தண்ணீர் எத்தனை நாள் காட்ட வேண்டும் என்று எல்லார் முன்னாலும் கேளுங்கள். 10 நாளுக்குக் குறையக்கூடாது, வெயில் காயும் இடத்தில் 14 நாள். வீட்டுக்காரர் ஏழாம் நாளே மோட்டாரை நிறுத்தச் சொன்னால், கம்பெனி ஆபீசரே சொன்னார் என்று நீங்கள் தைரியமாகச் சொல்லலாம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இல்லாத ஆட்கள் உங்களோடு வந்திருந்தால், அதே மீட்டிங்கில் ஒரு ஓரமாக உட்கார்ந்து அவர்களின் விவரத்தையெல்லாம் எழுதி வாங்கி, மறுநாளே பதிவுக்குக் கூட்டிப் போய்விடுங்கள், எல்லாரும் ஒரே இடத்தில் சேர்வது அன்றைக்குத்தான்.