1989-க்கு முன் கல்யாணமான மகளுக்குப் பங்கே கிடையாதா?

கேள்வி: எனக்கு 1984-இல் கல்யாணம் ஆனது. லால்குடி பக்கம் தாத்தா வழியில் வந்த 4 ஏக்கர் நஞ்சையும், அப்பா தன் சம்பளத்தில் வாங்கிய வீடும் இருக்கின்றன. 1997-இல் அப்பா உயில் எழுதாமல் காலமானார். அம்மா இருக்கிறார். அண்ணனும் தம்பியும் 2003-இல் கூர்சீட்டு (பதிவு செய்யாமல் குடும்பத்துக்குள் எழுதிக்கொள்ளும் பாகப்பிரிவினைத் தாள்) எழுதி நிலத்தைப் பிரித்துக்கொண்டு, 2010-இல் ஆளுக்கொரு பட்டா வாங்கிவிட்டார்கள். போன வருஷம் வரை பொங்கலுக்கு எனக்கு நெல் வந்தது. இப்போது நிலத்தை விற்கப் போகிறார்கள். கேட்டால், "89-க்கு முன்னாடி கட்டிக்கொடுத்த பொண்ணுக்குப் பங்கு இல்லை, 40 பவுன் போட்டாச்சு" என்கிறார்கள். உள்ளூர் வக்கீலும் அதையே சொல்கிறார். சென்னையில் இருந்தபடி நான் வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். உங்களுக்குச் சொல்லப்பட்டது பழைய சட்டம், அதுவும் பாதிதான்.

முதலில் வீடு. அது அப்பாவின் சுயார்ஜித சொத்து, அதாவது அவரே சம்பாதித்தது. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-இன் 8-வது பிரிவுப்படி மனைவி, மகன்கள், மகள் எல்லோருக்கும் சம பங்கு. ஆக உங்களுக்கு நாலில் ஒன்று. கல்யாணத் தேதிக்கு இங்கே வேலையே இல்லை. குடியிருக்கும் வீட்டில் மகன்கள் பிரிக்க முன்வரும்வரை மகள் பாகம் கேட்கக் கூடாது என்றிருந்த 23-வது பிரிவையும் 2005-இல் நீக்கிவிட்டார்கள்.

நிலத்துக்கு வருவோம். தாத்தா எப்போது இறந்தார், நிலம் அவருக்கு எப்படி வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. தாத்தா கையால் வந்ததெல்லாம் பூர்வீகச் சொத்து ஆகிவிடாது. அவரே கிரயம் வாங்கி, 1956-க்குப் பிறகு உயில் இல்லாமல் இறந்திருந்தால், உங்கள் அப்பாவுக்குக் கிடைத்த பங்கு அவருடைய தனிச் சொத்து. 1986-இல் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அப்படியென்றால் நிலத்திலும் உங்களுக்கு நாலில் ஒன்று, 1989 பேச்சே எழாது. தாத்தாவின் மூலப் பத்திரத்தைத் தேடி எடுங்கள்.

பூர்வீகம்தான் என்றே வைத்துக்கொள்வோம். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பங்கு தர அதே சட்டத்தில் தமிழ்நாடு கொண்டுவந்த 29-ஏ பிரிவு, 25.3.1989-க்கு முன் மணமான பெண்களை விலக்கியது உண்மை. ஆனால் 9.9.2005-இல் வந்த மத்திய திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும் 11.8.2020 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்த்துவைத்தது: மகளுக்கு உரிமை பிறப்பால் வருகிறது, அப்பா முன்பே இறந்திருந்தாலும் பாதகமில்லை. அப்பாவும் மூன்று பிள்ளைகளும் ஆளுக்குக் கால் பங்கு. அப்பாவின் கால் பங்கு உங்கள் நால்வருக்கும் மறுபடி பிரியும். உங்களுக்கு 16-இல் 5.

பழைய சட்டப்படி பார்த்தாலும் உங்கள் பங்கு பூஜ்யம் இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அப்பாவுக்கும் இரு மகன்களுக்கும் மூன்றில் ஒன்று, அப்பாவின் அந்தப் பங்கில் உங்களுக்கு நாலில் ஒன்று என்று 12-இல் 1 அப்போதே வந்திருக்க வேண்டும். அதைக்கூட ஒதுக்காமல் எழுதிய கூர்சீட்டு உங்களைக் கட்டுப்படுத்தாது.

கூர்சீட்டைத்தான் அவர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள். 20.12.2004-க்கு முன் நடந்த பாகப்பிரிவினையைக் கிளற முடியாதுதான், ஆனால் அது பதிவான பத்திரமாகவோ நீதிமன்றத் தீர்ப்பாணையாகவோ இருக்க வேண்டும். வாய்மொழிப் பிரிவினையை, அரசு ஆவணங்கள் வலுவாகத் துணை நின்றால் மட்டும் அபூர்வமாக ஏற்கலாம் என்கிறது வினீதா சர்மா தீர்ப்பு. இங்கே பட்டா பிரிந்ததே 2010-இல்தான், அது உங்களுக்குச் சாதகம். பட்டா மட்டும் சொத்துரிமையைத் தந்துவிடாது.

அடுத்து காலவரம்பை இழுப்பார்கள். பங்கிலிருந்து விலக்கப்பட்டது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து 12 வருஷம். "2010-லேயே தெரியும்" என்பார்கள். போன வருஷம் வரை வந்த நெல் அதற்குப் பதில் சொல்லும். லாரி ரசீது, "மூட்டை அனுப்பிருக்கேன் அக்கா" என்ற வாட்ஸ்அப் செய்தி, எதுவானாலும் பத்திரமாக வையுங்கள். கூட்டு அனுபவத்தை இவை காட்டினால் நீதிமன்றக் கட்டணமும் குறையும். இல்லையென்றால் உங்கள் பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம் கட்ட வேண்டிவரும்.

நகை, சீர் போட்டதால் பங்கு போய்விடும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் பதிவான விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டீர்களா என்பதுதான் கேள்வி. பட்டா மாற்ற ஒப்புதல் கடிதம் மட்டும் கொடுத்திருந்தால், அது விடுதலைப் பத்திரத்துக்குச் சமமாகாது. இன்றே வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்.

வழக்கு நிலம் இருக்கும் எல்லைக்குள்தான், சென்னையில் அல்ல. வீடு, நிலம் இரண்டையும் ஒரே பாகப்பிரிவினை வழக்கில் சேர்த்து, விற்கத் தடை கேட்டு இடைக்கால மனுவும் போடுங்கள். வழக்கு நடக்கும்போது வாங்குபவரும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவரே. நடுவில் சமாதானமானால் கட்டிய கட்டணத்தைத் திருப்பிக் கேட்கலாம், வெளியே பேசி முடித்தாலும் கிடைக்கும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அம்மாவையும் எதிர்வாதியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். வருத்தமாக இருக்கலாம், ஆனால் பங்குதாரர் ஒருவர் விடுபட்டால் வழக்கு நிற்காது. அம்மா தன் பங்கை மகன்களுக்கே எழுதி வைத்தால், அதைத் தடுக்க உங்களுக்கு வழி இல்லை.