பழைய திறந்த கார்களின் முன்கண்ணாடி ஏன் குறுக்கே இரண்டாகப் பிரிந்திருந்தது?

1910-களின் டூரிங் கார்களில், அதாவது நிலையான கூரையில்லாத பயணக் கார்களில், முன்கண்ணாடி மேல்பாதி, கீழ்பாதி என இரண்டாக இருந்தது பெரிய கண்ணாடி செய்யத் தெரியாததாலா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஆள் உயரக் கண்ணாடிகள் அப்போதே கடை முகப்புகளில் நின்றன. முக்கியக் காரணம் மழை.

அமெரிக்கரான மேரி ஆண்டர்சன் கையால் இயக்கும் வைப்பருக்கு 1903-இலேயே காப்புரிமை பெற்றிருந்தாலும், அடுத்த பல ஆண்டுகளுக்குப் பெரும்பாலான கார்களில் வைப்பரே கிடையாது. நீர் வழியும் கண்ணாடியின் ஊடே சாலை தெரியாதபோது, ஓட்டுநர் மேல்பாதியைக் கீலில் சாய்த்து, நடுவில் உண்டாகும் இடைவெளி வழியாக நேரே பார்த்து ஓட்டினார். முகத்தில் சாரல் அடித்தாலும் எதிரே வருபவர் தெரிந்தார். அமெரிக்காவின் பஃபலோ நகரில் 1917-இல் மழையில் கார் ஓட்டிச் சென்று ஒரு சைக்கிள்காரர் மீது மோதிய ஜான் ஓஷை, பின்னர் டிரைக்கோ என்ற வைப்பர் நிறுவனத்தைத் தொடங்கி விற்ற முதல் சாதனமான 'ரெயின் ரப்பர்' இந்த இடைவெளியை நம்பியே அமைந்தது: உள்ளிருந்தபடி கைப்பிடியைப் பக்கவாட்டில் நகர்த்தினால், வெளியே ரப்பர் பட்டை நீரை வழிக்கும்.

இந்த முன்கண்ணாடி ஓட்டுநருக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்றும் கேட்டிருந்தீர்கள். மிச்சிகனின் டியர்போர்னில் உள்ள கிரீன்ஃபீல்டு வில்லேஜ் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களை ஃபோர்டு மாடல் டி காரில் ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள். அங்கே முன் இருக்கையில் அமர்ந்தபோது என் நெற்றியில் காற்று படவில்லை, பிடரியில் பட்டது. செங்குத்தான கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டும் காற்று, பின்னால் அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கிச் சுழன்று திரும்புவதே இதற்குக் காரணம். பின்னிருக்கையில் இருந்த அம்மாவோ, அந்த மெதுவான ஓட்டத்திலேயே முந்தானையை இழுத்துக் காதோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டார். மண்சாலையில், வேகமாக, மணிக்கணக்கில் போனவர்களுக்குத் தூசு மேலங்கியும் கண்களை மறைக்கும் காப்புக் கண்ணாடியும் ஏன் தேவைப்பட்டன என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. முன்கண்ணாடி ஓட்டுநரைக் காத்தது. பின்னால் இருந்தவர்களை அவ்வளவாகக் காக்கவில்லை என்பதே என் கருத்து. அந்தக் குறையை உணர்ந்தே பிரிட்டனில் ஆஸ்டர் நிறுவனம் பின்னிருக்கைக்கெனத் தனியாக மடக்குக் கண்ணாடி செய்தது. விலையுயர்ந்த சில கார்களில் இரண்டாம் முன்கண்ணாடியே வந்தது.

1908-இல் மாடல் டி அறிமுகமானபோது முன்கண்ணாடி அடிப்படை விலையில் சேராத கூடுதல் பொருளாகவே இருந்தது. மெர்சர் ரேஸ்அபவுட் போன்ற வேகக் கார்களிலோ ஓட்டுநருக்கு மட்டும் ஸ்டீயரிங் தண்டில் பொருத்திய வட்டக் கண்ணாடி ஒன்றே இருந்தது.

ஆனால் இவை எல்லாம் சாதாரணக் கண்ணாடிகள்; விபத்தில் கூரிய சில்லுகளாக உடைந்து முகத்தையும் கழுத்தையும் கிழித்தன. வசதிக்காக வைத்த பொருளே உயிருக்கு ஆபத்தானதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் பகுதி. உடைந்தாலும் சில்லுகள் சிதறாத அடுக்குக் கண்ணாடிக்கு எடுவார் பெனடிக்டஸ் 1909-இலேயே பிரான்சில் காப்புரிமை பெற்றிருந்தும், எளியவர்கள் வாங்கும் ஃபோர்டு காரின் முன்கண்ணாடியில் அது இடம்பெற 1927 இறுதியில் மாடல் ஏ வரவேண்டியிருந்தது.